லீவு முடியாதவன்

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

கடையில் இன்று மூன்று காதணி விழா, ஒரு கண்ணீர் அஞ்சலி. அஞ்சலிக்கு வந்தவர் 'மறைந்தார்' வேண்டாம், 'இயற்கை எய்தினார்' என்று போடுங்கள் என்றார். இறந்தவரை மோதியது டிப்பர் லாரி. கேட்டபடியே போட்டுக் கொடுத்தேன். பிளெக்ஸ் கடைக்காரி உண்மைக்குப் பொறுப்பல்ல, ஒற்றுப்பிழைக்குத்தான்.

வீட்டில் வேறு கதை. அண்ணன் மகன் ஜெகன் பொங்கலுக்கு ராணுவத்திலிருந்து லீவில் வந்தான். போன வாரமே ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டி கட்டிய கயிறோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

"லீவ நீட்டிகீறாங்க" என்றார் அண்ணன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

யார் நீட்டியது? ஏன் நீட்டியது? பேப்பரைத் திருப்பினார். பட்டாளத்தில் லீவு ரப்பர் மாதிரி நீளும் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

பிப்ரவரி 15

இன்றும் போகவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஜெகனின் அக்கா லாவண்யாவைப் பூந்தமல்லியில் ஓர் இடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். பையன் வீட்டாருக்குப் பெண்ணைவிடப் பெண்ணின் தம்பியைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. "மிலிட்டிரி குடும்பம்" என்றார்களாம். இரண்டு தலைமுறையாக, தொழிற்பேட்டைக்கு எங்கள் நிலம் போனதைப் பற்றிப் பேசியே பிழைத்த குடும்பம் இப்போது மிலிட்டிரி குடும்பம் ஆகிவிட்டது.

அண்ணி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

"யாருனா கேட்டா லீவுன்னு சொல்டு தாட்சா. வாய் வலிக்காது."

"வலிக்கும் அண்ணி."

"ஒனுக்கு மட்டும் இன்னாத்துக்குத்தான் அந்த வாயோ!"

பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு மேலே கூரையாக ஒரு பழைய பேனர். ஜெகன் பயிற்சி முடித்து முதன்முதலில் வந்தபோது தெருப் பையன்கள் என் கடையில் அடித்தது. சீருடையில் அவன், பின்னால் ஒரு சிங்கம், 'எல்லைச் சிங்கமே வருக'. இவன் இன்னும் எல்லையைப் பார்க்கவில்லை, 'வருக' மட்டும் போதும் என்று சண்டை போட்டேன். "சிங்கம் இல்லாம இன்னா பேனரு மேடம்?" என்று என்னையே கேட்டார்கள். இப்போது மழைக்காக அச்சடித்த பக்கத்தைக் கீழ்நோக்கிக் கட்டியிருக்கிறாள் அண்ணி. குனிந்து தேய்ப்பவள் நிமிர்ந்தால் மகன் முகம் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

அவன் திரும்பிப் போகாததற்குக் காரணங்கள். அப்பாவிடம்: முட்டி வலி. அம்மாவிடம்: சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில்: ஓர் அதிகாரியை அறைந்துவிட்டேன். என்னிடம்: "எங்கள எடுத்ததே நாலு வருசத்துக்குத்தான், அப்பறம் அவங்களே அனுப்சிடப் போறாங்கோ அத்தே. நானு கொஞ்சம் முன்னாடி வந்துகினேன், அவ்ளோதான்."

கல்வெட்டுப் படித்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே செய்திக்கு நான்கு பாடம் கிடைத்தால் மூலம் வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

மார்ச் 26, புதன்

மதியம் அண்ணன் கடைக்கு ஃபோன் செய்து, "இன்னிக்கு சாப்பாட்டுக்கு வராத, மிஷின் ஓட்டற லோகநாதன வுட்டு டிபன் வாங்கிக்க" என்றார். அந்த அக்கறை என்னை யோசிக்க வைத்தது. இரவு லாவண்யா சொல்லித்தான் தெரிந்தது. காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்தாராம். ஜெகன் ஓடிப்போனவன் என்று பட்டாளத்திலிருந்து தாக்கீது வந்திருக்கிறது. "ஊட்டுக்கு வரவே இல்லீங்க" என்று அண்ணன் சொன்னபோது ஜெகன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

நான் வீட்டில் இருந்தால் என்ன சொல்வேன் என்று அண்ணனுக்குத் தெரியும். அதுவரை சந்தோஷம்.

ஏப்ரல் 6

டீக்கடையில் அவனுக்குப் புதுப்பெயர்: பக்கோடா. அவனோடு பயிற்சி எடுத்த வேப்பம்பட்டுப் பையன் ஒருவன் ஃபோனில் சொல்லியிருக்கிறான் - பட்டாளத்தை விட்டு ஓடியவனை இந்தியில் 'பகோடா' என்பார்களாம். இங்கே அது வெந்து பக்கோடாவாகிவிட்டது.

"இன்னா பக்கோடா, சூடா கீறியா?"

"மாமே, நம்ம பக்கோடாவுக்கு ஒரு டீ!"

நான் கடை திறக்கப் போகும் வழியில் என் காதாலேயே கேட்டேன். அவனும் சிரித்தான். சிரித்தபடி கண்ணாடி கிளாசைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இனி யாரும் அவனைப் பக்கோடா என்பதில்லை. காரணம் வேம்புலி.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனியில் இரும்புக் கழிவை ஏலம் விட்டாலும் அது வேம்புலிக்குப் போய்ச் சேரும். மற்றவர்கள் ஏலம் கேட்க வருவார்கள். வேம்புலியின் ஆட்களைப் பார்த்ததும் வேலை நினைவுக்கு வந்து திரும்பிப் போய்விடுவார்கள். அந்த ஆள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் ஜெகன் தோளில் கைபோட்டு, "இவன் பேரு மிலிட்டிரி ஜெகன். வேற பேரு எவன் வாய்லயாவது வந்துச்சு..." என்று நிறுத்தினானாம். முடிக்கவில்லையாம். முடிக்காததுதான் அவன் தொழில்.

ஜெகன் இப்போது பச்சை டி-ஷர்ட் போட்டு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஏலம் நடக்கும் கம்பெனி வாசலில் நிற்கிறான்.

"சும்மா நிக்கறதுதான் அத்தே. ஒண்ணியும் செய்ய வாணாம்."

"பட்டாளத்துலயும் நிக்கத்தானே சொன்னாங்க?"

"அங்க நின்னா எவன் பாத்தான்?"

இதைக் கேட்டபோது மூலப்பாடத்தின் ஒரு வரி தட்டுப்பட்டதுபோல் இருந்தது. ஆனால் அவன் போய்விட்டான்.

மே 18, ஞாயிறு

ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் பின்னால் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டிரங்குப் பெட்டியை எடுத்துப் போகவில்லை. அண்ணி அதன் மேல் இட்லி அரிசி மூட்டையை வைத்துவிட்டாள்.

பூந்தமல்லிக்காரர்கள் ஃபோன் செய்து விசாரித்தார்கள். "லீவு முடிஞ்சி போய்ட்டாம்மா" என்றாள் அண்ணி. ஒரு வகையில் வீட்டைவிட்டுப் போனது உண்மைதான். பாதி உண்மை கையில் கிடைத்துவிட்டால் இந்த வீடு அதை வைத்து ஒரு வருஷம் ஓட்டும்.

ஜூன் 13, வெள்ளி

இதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

வேப்பம்பட்டு அப்பாவு. சின்னதாகப் பழைய இரும்புக் கடை. மகள் கல்யாணப் பத்திரிகையை என்னிடம்தான் அடித்தார். 'சிரஞ்சீவி'யைச் சரியாக எழுதியதற்கு நன்றி சொன்ன ஒரே வாடிக்கையாளர். செவ்வாய்க்கிழமை ஏலத்துக்குப் போய், மற்றவர்கள் திரும்பிய பிறகும் திரும்பாமல் நின்றிருக்கிறார். கம்பெனி வாசலில் வைத்து வலது கையை ஒடித்துவிட்டார்கள். ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று லோகநாதன் சொல்லிப் போனேன். லோகநாதன் என் கடையில் மிஷின் ஓட்டுபவர். ஊர்ச் செய்தி முழுவதும் மை வாசனையோடுதான் எனக்கு வரும்.

"வாம்மா. குந்து" என்றார் அப்பாவு. கட்டுப் போட்ட கை தலையணை மேல். "அடிச்ச பையன எங்கியோ பாத்தா மாரியே இருந்துச்சும்மா. நேத்திதான் ஞாபகம் வந்துச்சு. மண்ணூர்பேட்டை முனைல ஒரு பேனரு கட்டியிருந்தாங்களே, சிங்கம் போட்டு... அத்தப் பாத்துட்டு எங்க ஊட்டுல சொன்னேன், நம்ம பக்கத்துப் புள்ள ஒண்ணு மிலிட்டிரிக்குப் போயிகீதுன்னு."

வார்டில் மின்விசிறி சத்தம். நான் போயிருக்கலாம். பழம் கொடுத்தாயிற்று, விசாரித்தாயிற்று.

"அவன் என் அண்ணன் பையன்" என்றேன். "நீங்க புகார் குடுங்க. யாருன்னு நானே வந்து சொல்றேன்."

அவர் நல்ல கையைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னொண்ணு மிச்சம் கீதும்மா. அத்த வச்சித்தான் துன்னணும்."

ஜூன் 14

அண்ணனிடம் சொன்னேன். "வேம்புலி ஆளுங்க அடிச்சிருப்பாங்க. இவன் சும்மா நின்னிருப்பான்" என்றார். என் அண்ணன் ஜம்புலிங்கம் கணக்கில் பி.எஸ்சி. நிற்பவனையும் அடிப்பவனையும் எந்தச் சூத்திரத்தால் பிரிக்கிறார் என்று கேட்டேன். சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். போகட்டும்.

ஜூலை 5, சனி

வேம்புலிக்குப் பிறந்தநாள் வருகிறது. அவன் ஆள் அருள் கடைக்கு வந்தான். பெரிய பேனர். நடுவில் வேம்புலி, பக்கத்தில், மற்றவர்கள் முகத்தைவிட நான்கு மடங்கு பெரிதாக, ராணுவச் சீருடையில் 'அஞ்சா நெஞ்சன் மிலிட்டிரி ஜெகன்'. போட்டோ என் கம்ப்யூட்டரிலேயே இருக்குமாமே, பழைய சிங்க பேனருக்குப் போட்டது.

"இருக்கு" என்றேன். "தரமாட்டேன். பேனரும் போடமாட்டேன்."

"மேடம், அண்ணன் பேனருன்னா ஊர்ல எவனும் முடியாதுன்னு சொல்ல மாட்டான்."

"அப்ப ஊர்ல போய் அடிச்சிக்கோங்க."

லோகநாதன் மிஷினுக்குப் பின்னால் இருமிக்கொண்டே இருந்தார். அருள் போனதும் வெளியே வந்தார். "இன்னா மேடம் இது, பேஜாரா கீது. ஒரு வார்த்த மிஷின் ரிப்பேருன்னு சொல்லிகினு இருக்கலாமில்ல?"

"மிஷின் நல்லாத்தானே இருக்கு?"

"மிஷின் நல்லாத்தான் கீது. நம்மளுக்குத்தான் ரிப்பேர் ஆவப் போவுது."

ஜூலை 7, திங்கள்

ஜெகனே வந்தான். பழைய பழக்கத்தில் செருப்பை வாசலில் கழற்றி, நேர்க்கோட்டில் வைத்துவிட்டு வந்தான். அதைப் பார்த்துத் தொலைத்தேன்.

"ஒரு போட்டோதானே அத்தே. போட்டுக் குடேன்."

"நீ ஒளிஞ்சிருக்கிற ஆளு. ஒளிஞ்சிருக்கிறவன் பேனர்ல நிப்பானா?"

"தெருவுக்கு நாலு பேனரு கீது. எவன் பாக்கறான்?"

"எவனும் பாக்கலன்னா எதுக்குப் போடணும்?"

நறுக்கிப் போட்ட பிளெக்ஸ் துண்டு ஒன்றை எடுத்து மடித்தான், பிரித்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அங்க நானு ஒரு நம்பரு அத்தே. உன் பேனர்ல ஒருத்தன் இருந்தானே, சிங்கத்தோட, அவன நானு அங்க ஒரு நாள்கூடப் பாக்கல. இங்க வந்தா பக்கோடாங்கறான். வேம்புலி அண்ணந்தான் பேரு சொல்லிக் கூப்புட்டாரு."

இதுதான் மூலம். முட்டியும் இல்லை, சப்பாத்தியும் இல்லை.

"அப்பாவு கைய ஒடச்சது நீதானே?"

"...தடுக்க வந்தாரு."

"அவர் கை, அவர் தடுத்தார். நீயாத் திரும்பிப் போ. நீயாப் போனா அவங்க பாக்கறது வேற, புடிச்சிக்கினு போனா பாக்கறது வேற. இன்னும் ஒருத்தர் கைய ஒடிக்கறதுக்குள்ள போ. பட்டாளத்து கேட்டு வரைக்கும் நான் வரேன்."

"கேட்டு வரைக்கும் வர்றதுக்கு எல்லாரும் கீறாங்க. உள்ள எவன் வருவான்?"

அதற்காகப் போட்டோவைக் கொடுத்துவிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "நீ ஒருத்திதான் அத்தே என்னை இல்லாம ஆக்கற" என்றான்.

அப்படியே இருக்கட்டும். இல்லாத சிங்கத்தை உண்டாக்கியவர்களிடம் அவன் கோபப்படவில்லை. இல்லை என்று சொன்னவளிடம் படுகிறான். எனக்கு இது பழக்கம்தான்.

ஜூலை 20, ஞாயிறு

வேறெங்கோ அடித்துக் கட்டிவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இருபதடி இருக்கும். மெய்க்கீர்த்திகளை ஆராய்ந்து எம்.ஃபில். வாங்கியவளுக்கு இந்த வகை புதிதல்ல; அரசனின் வெற்றிகளைப் பாடாத கல் உண்டா? ஆனால் கல்லில் பிழை குறைவு. இதில் 'அஞ்சா நெஞ்சன்' என்பதற்கு 'அஞ்சு நெஞ்சன் மிலிட்டிரி ஜெகன்' என்று போட்டிருக்கிறார்கள். ஐந்து நெஞ்சு. வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து சீட்டுப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு இடத்தைக் கவனித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆவடி ரோடு முனை. நாளெல்லாம் ராணுவ வண்டிகள் போகிற, வருகிற ரோடு. ஊரில் இத்தனை முனை இருக்க, பட்டாளத்தை விட்டு ஓடி வந்தவனைச் சீருடையில் நிறுத்த இந்த மூளைகளுக்குக் கிடைத்த இடம் அது. கூட்டம் சேரும் இடம் என்று பார்த்திருப்பார்கள். யார் கூட்டம் என்று யோசிக்கவில்லை.

ஜூலை 22

லோகநாதன்: "மேடம், நேத்து பச்சை வண்டி ஒண்ண ஓரங்கட்டிட்டு ரெண்டு பேர் எறங்கி நம்ம தம்பி பேனர போட்டோ புட்ச்சிகினு போனாங்களாம். சட்டைல இருந்த பட்டையெல்லாம் கிட்டப் போய்ப் பாத்தாங்களாம்."

ஒன்றும் செய்யவில்லை நான். காட்டிக் கொடுக்கவும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை. இரண்டில் எதைச் செய்திருக்க வேண்டும் என்று பகல் முழுவதும் கேட்டுக்கொண்டேன். அப்பாவுவின் கை கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று.

ஜூலை 24, வியாழன்

மத்தியானம் ஜெகன் ஓடி வந்தான். செருப்பு ஒழுங்காக வைக்கப்படவில்லை. ஒன்று படியில், ஒன்று தெருவில்.

"அத்தே, என் மூஞ்சி மேல அருள் மூஞ்சிய ஒட்டிட்டாங்க."

புரியவில்லை. இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றிக் காட்டினான். ராணுவத்திலிருந்து விசாரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் வேம்புலி செய்த முதல் வேலை. பேனரைக் கழற்றவில்லை, பிறந்தநாள் முடியவில்லையே. ஜெகன் முகத்தின் மேல் அருள் முகத்தை அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். பேரையும் மறைத்தாயிற்று. 'அஞ்சு நெஞ்சன்' மட்டும் அப்படியே. கழுத்துக்குக் கீழே ஜெகனின் சீருடை, மேலே அருளின் மீசை. சோழன் கல்லில் பாண்டியன் பெயரை வெட்டி எடுப்பது போல - ஆனால் அதற்கு ஒரு போராவது நடக்கும்.

"ஃபோன் பண்ணேன். 'யாரு நீ'ன்றாரு அத்தே. யாரு நீன்றாரு!"

அழவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. அது மனம் திருந்திய முகமல்ல, அவமானப்பட்ட முகம். நான் ஏமாறவில்லை. ஆனால் மனம் திருந்துவதற்காகக் காத்திருந்தால் என் ஆயுள் போதாது. அவமானத்துக்கும் கால் உண்டு, அதுவும் நடக்கும்.

"போலாமா?" என்றேன்.

"எங்க?"

"முதல்ல ஸ்டேஷனுக்கு, அப்பாவு கைக்காக. பட்டாளம் அப்புறம் தானா வரும்."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ஜெகன் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிக்னல் விழுந்து, பச்சையாகி, மறுபடி விழுந்தது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது.

"போ அண்ணாத்தே" என்றான், ஆட்டோக்காரரிடம். அவனேதான் சொன்னான். நான் சொல்லவில்லை. இதை எழுதி வைக்கிறேன். நாளைக்கு அண்ணன் வேறு மாதிரி சொல்வார்.

காவல் நிலையத்தில் எழுத்தருக்குக் குழப்பம். "புகாரே இல்லியேம்மா. அடிவாங்கனவன் வரல, அடிச்சவன் வந்துகீறான். இது இன்னா ஸ்டேஷனா, சர்ச்சா?" என்றார். அப்பாவுவுக்கு ஃபோன் போட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. வேப்பம்பட்டிலிருந்து ரயில் பிடித்து, கட்டுப் போட்ட கையோடு வந்தார்.

"நீயா வந்தியா, இட்டாந்தாங்களா?"

"நானாத்தான்."

"யாரு அடிக்கச் சொன்னான்னு சொல்லுவியா?"

ஜெகன் எழுத்தரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வேம்புலி" என்றான். 'அண்ணன்' சேர்க்கவில்லை.

அப்பாவு பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையால் ரேகை வைத்தார்.

ஜூலை 25

அண்ணன் என்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். அதை என்னிடமே வந்து சொன்னார். "புள்ளயக் காட்டிக் குடுத்துட்டு பேனா புட்ச்சி எழுதிகினு கீற." அவனாகத்தான் வந்தான் என்று ஒரு முறை சொன்னேன். இன்னொரு முறை சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கடை முகப்புக் கண்ணாடி போயிற்று. கல்லெறிந்தவர்கள் பட்டப்பகலில் இரண்டு பைக்கில் வந்தார்கள். புகார் கொடுத்தேன். வேம்புலியை விசாரிக்கிறார்களாம்; அவனுக்கு நெஞ்சுவலியாம். அவனுக்கும் ஐந்து நெஞ்சு போலிருக்கிறது.

கண்ணாடி இருந்த இடத்துக்கு ஒரு பேனர் அடித்துக் கட்டினேன். வெள்ளைத் துணி, கறுப்பு எழுத்து: 'கடை திறந்திருக்கிறது'.

லோகநாதன் எட்ட நின்று பார்த்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"மேடம், 'வழக்கம்போல்'னு முன்னாடி சேத்துக்கலாமா? எடம் கீது."

"சேருங்க."

ஆகஸ்ட் 10

ஜெகனைப் பட்டாளம் அழைத்துக்கொண்டு போய்விட்டது. தண்டனை உண்டு, அதன்பின் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அப்பாவு வழக்கு இங்கே தனியாக நடக்கும். அவர்கள் வண்டி புறப்படும்போது ஆவடி முகாம் வாசல்வரை போனேன். உள்ளே போகமுடியாது, அவன் சொன்னது சரிதான். டிரங்குப் பெட்டியை அண்ணி கொடுத்தனுப்பியிருந்தாள். கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது, தேதி குறிக்கப் பூந்தமல்லியிலிருந்து வந்தார்கள். என்னை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார் அண்ணன், அதாவது லாவண்யாவிடம் சொல்லச் சொன்னார். என் வாயைப் பற்றிய பயம். இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

கேசரி, பஜ்ஜி, காபி. மாப்பிள்ளையின் அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தம்பி கண்ணாலத்துக்கு வந்துடுவாருல்ல? லீவு குடுப்பாங்கல்ல?" என்று கேட்டாள்.

அண்ணன், "அது..." என்று ஆரம்பித்தார்.

"லீவு கெடைக்காதுங்க" என்றாள் அண்ணி. காபித் தட்டு அவள் கையில் இருந்தது. "அவன் லீவுல வந்துட்டுத் திரும்பப் போவல. இங்க ஒரு பெரியவரு கைய ஒடிச்சிட்டான். அப்பறம் அவனாப் போயி ஒத்துகினான். இப்ப மிலிட்டிரி ஜெயில்ல கீறான். காபி எடுத்துக்குங்க, ஆறிடும்."

அண்ணன் எழுந்து நின்றார். போக இடமில்லாமல் மறுபடி உட்கார்ந்தார். வந்தவர்கள் காபியைக் குடித்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். பூந்தமல்லி இங்கிருந்து ஒரு பஸ். மாப்பிள்ளை மட்டும் படியிறங்கும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அதை வைத்து நான் எதுவும் கணிக்கப் போவதில்லை. லாவண்யா மிச்சமிருந்த கேசரியைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பின்கட்டில் அண்ணி டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கழுவினேன். மேலே அந்தப் பழைய முகம், சிங்கம் வெளுத்துவிட்டது. ஐந்தாறு டம்ளர் ஆயிற்று.

"வாய் வலிக்கும்னுதான் நெனச்சேன் தாட்சா" என்றாள். "வலிக்கல."